சும்மா போய்விட்டு வருகிறவர்

"எங்க கிளம்பிட்டீங்க?" என்று யார் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான். "சும்மா."

அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதென்ன சும்மா? ஒரு மனுஷி வீட்டைப் பூட்டி, வண்டியைக் கிளப்பி, பெட்ரோலை எரித்து, காரைக்கால் பக்கத்துத் தருமபுரத்திலிருந்து கடல்வரை போகிறார் என்றால் அதற்கொரு காரணம் வேண்டாமா? கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் காரணம் இல்லாமல் வாசல் தாண்டியதில்லை. கோயில், மளிகைக் கடை, ஆஸ்பத்திரி, கல்யாணம், கருமாதி. இதில் எதுவும் இல்லாத நாளில் வீட்டோடுதான். எங்கள் தெருவில் எல்லாப் பெண்களும் அப்படித்தான். இரண்டு காலும் திடமாக இருக்கிற எங்களுக்கே வாய்க்காத 'சும்மா' இவருக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால், "என்னைப் பத்தி எழுதற அளவுக்கு நான் என்னத்தைக்கா பண்ணிட்டேன்?" என்று புதுச்சேரியிலிருந்து போனில் சண்டைக்கு வருவார். நாங்கள் மேடம் என்று கூப்பிடுவோம். அவர் என்னை அக்கா என்பார், என் வீட்டுக்காரரை சார் என்பார். எங்கள் வீட்டு முன்பகுதியில் தனியாகக் குடியிருந்தார். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் வேலை. சிறு குழந்தையில் வந்த போலியோவில் இரண்டு கால்களும் போய்விட்டன. வீட்டுக்குள் ஒரு சக்கர நாற்காலி, ஆபீசில் ஒரு சக்கர நாற்காலி, நடுவில் ஓட்டிப்போக இரண்டு பக்கமும் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர். எங்கள் தெருவிலேயே அதிக வண்டி வைத்திருப்பவள் தான்தான் என்று பெருமையடித்துக்கொள்வார்.

வீடு பார்க்க வந்த அன்று அவர் வண்டியைவிட்டு இறங்கவில்லை. வாசலில் நிறுத்தி ஹார்ன் அடித்தார். யாரடா இது, நம் வாசலில் வந்து நம்மையே அதிகாரம் பண்ணுவது என்று நான் வெளியே வந்தேன். பின்னாலேயே என் வீட்டுக்காரரும் வந்தார். சாலையிலிருந்தே வீட்டை மேலும் கீழும் பார்த்தார் அந்தப் பெண்.

"வீடு பிடிச்சிருக்கு. நான் உள்ள வர முடியும்னா எடுத்துக்கிறேன்."

எங்கள் பக்கத்தில் வீடுகளை உயர்த்தித்தான் கட்டுவோம். ஐப்பசி கார்த்திகையில் தெருவில் தண்ணீர் நிற்கும். ஆகவே வாசலில் ஏறுவதற்கு உயரமான படிகள். என் வீட்டுக்காரர் இளகிய மனசுக்காரர். உடனே சொன்னார்: "அதுக்கென்னம்மா, நாங்கள்லாம் இருக்கோம்ல. தூக்கி விட்டுடறோம்."

"தினம் காலையிலயும் சாயங்காலமுமா சார்?"

"ஆமா. அதுல என்ன இருக்கு?"

"ஒரு வாரம் ஆசையா தூக்குவீங்க. அடுத்த வாரம், இவ எப்ப ஹார்ன் அடிச்சுத் தொலைவாளோன்னு பயந்துகிட்டு உக்காந்திருப்பீங்க. நமக்குள்ள எதுக்கு சார் பகை? படிக்குப் பக்கத்துல ஒரு சரிவு போட்டுக் குடுங்க."

எனக்கு அந்த வாய் பிடித்துவிட்டது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

சரிவு போடக் கொத்தனார் வந்தார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் மோட்டார் சைக்கிளை வீட்டுக்குள் ஏற்றுகிற சரிவு. ஓட்டுக்கூரை மாதிரி செங்குத்தாக ஒன்றைப் போட்டு, மேலே தேங்காய் நார் வைத்துக் கோடும் இழுத்து, காய்ந்ததும் வந்து பார்க்கச் சொன்னார். மேடம் வந்தார். சண்டை போடவில்லை. ஆபீஸ் ஆளிடம் நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். "அண்ணே, நீங்க இதுல உக்காந்து, காலை ஊனாம, கையால சக்கரத்தைத் தள்ளி மேல ஏறுங்க பாப்போம்" என்றார். கொத்தனாரும் வீராப்பாக உட்கார்ந்தார். பாதிவரை முக்கிப் பின்னால் உருண்டு வந்து என் செம்பருத்திச் செடியில் விழுந்தார். மறுநாளே அதை இடித்துவிட்டு, சுவரை ஒட்டி நீளமாக, தெருவைத் தொடுகிற மாதிரி இன்னொன்று போட்டார். நான் கோலம் போடுகிற இடம் முழுக்க அதற்குள் போய்விட்டது.

அடுத்த வில்லங்கம் நிலைப்படியில் வந்தது. பழைய நிலை, உயர்ந்த படி, சக்கரம் தாண்டாது. கொத்தனார், "செதுக்கி எடுத்துடலாங்க" என்றதும் என் வீட்டுக்காரருக்கு முகம் கறுத்துவிட்டது. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிப் பொட்டு வைக்கிற படி அது. அவர் அம்மா காலத்திலிருந்து அதில் யாரும் கால் வைத்ததில்லை. "நிலைப்படியில கைவைக்கிறதா? அது லட்சுமிங்க" என்று ஒரே பிடியாக நின்றார்.

"செதுக்க வேணாம் சார்" என்றார் மேடம். "உள்ளயும் வெளியவும் ரெண்டு மரக்கட்டையச் சாய்ச்சு வச்சிட்டா போதும். ஏறி இறங்கிடுவேன்."

"அதுவும் ஒண்ணுதானேம்மா. நிலைப்படிய மிதிக்கக் கூடாது."

"நான் எங்க சார் மிதிக்கப் போறேன்? பொறந்ததுலேருந்து நான் எதையுமே மிதிச்சதில்லையே."

என் வீட்டுக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். அவரை அப்படி மடக்கிப் போட்டவரை நான் அதுவரை பார்த்ததில்லை. என்னாலேயே முடியாத காரியம். அன்றைக்கே, "இந்தம்மாவுக்குத்தான் வீடு" என்று சொல்லிவிட்டார்.

அதன் பிறகு நான் சரிவின் மேலேயே கோலம் போட்டுப் பழகிக்கொண்டேன். சாய்வில் புள்ளி வைப்பது அவ்வளவு லேசில்லை. காலையில் அவர் நாற்காலியில் இறங்கும்போது கோலத்தின் நடுவே இரண்டு தடம் விழும். சரிவின் அடியில் வண்டி நிற்கும். நாற்காலியை அதோடு ஒட்டி நிறுத்தி, கையை ஊன்றி, ஒரு எம்பு எம்பி வண்டிக்கு மாறிக்கொள்வார். நாற்காலி அங்கேயே காலியாக நிற்கும். வாசலில் காலி நாற்காலி நின்றால் மேடம் வெளியே போயிருக்கிறார் என்று தெருவுக்கே தெரியும்.

அந்த நாற்காலியால் ஒருநாள் பெரிய ரகளை. நல்ல மழை. மேடம் ஆபீசில் இருக்கிறார். நாற்காலி நனைகிறதே என்று பரிதாபப்பட்டு என் வீட்டுக்காரர் அதைத் தூக்கி உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு ஒரு கல்யாண வரவேற்புக்குக் கிளம்பிவிட்டார். நாங்கள் திரும்பி வரும்போது மேடம் கொட்டுகிற மழையில் வண்டி மேலேயே உட்கார்ந்திருந்தார், சொட்டச் சொட்ட. இறங்க முடியாது, ஏற முடியாது. எங்களுக்கு உயிரே போய்விட்டது. என் வீட்டுக்காரர் ஓடிப்போய்த் தூக்கப் பார்த்தார்.

"சார், என்னைத் தூக்காதீங்க. நாற்காலியைத் தூக்கிட்டு வாங்க" என்றார் பல் கிட்டிக்க. உள்ளே போய்த் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, காபி குடித்துக்கொண்டே அவருக்கு ஒரு விளக்கமும் சொன்னார். "நீங்க ஆபீஸ் போயிருக்கும்போது, உங்க செருப்பு நனையுதேன்னு யாராச்சும் உங்க ரெண்டு காலையும் கழட்டி பீரோவுல வச்சுப் பூட்டிட்டா எப்படி சார் இருக்கும்?" அடுத்த நாள் நான் ஒரு பிளாஸ்டிக் ஷீட் வாங்கி வந்தேன். மழை வந்தால் நாற்காலியை மூடுவேன். அதை நகர்த்தியதில்லை.

அவரிடம் எல்லாமே எனக்குப் பிடித்திருந்தது என்று சொன்னால் பொய். பிடிவாதம் கொஞ்சநஞ்சமில்லை. கூட வேலை பார்த்தவர் வீட்டுக் கல்யாணம், மண்டபத்தில் சாப்பாடு மாடியில். பெண்ணின் அப்பா நாலு பையன்களைக் கூப்பிட்டு, "அம்மாவ நாற்காலியோட தூக்குங்கடா" என்றிருக்கிறார். இவர், "வேணாங்க, சாப்பிட்ட மாதிரிதான்" என்று மொய்யை எழுதிவிட்டுக் கிளம்பிவிட்டார். அந்த மனிதர் மறுநாள் எங்கள் வீட்டு வாசலில் நின்று, "என் பொண்ணு கல்யாணத்துல ஒரு வாய் சாப்பிடாம போயிட்டீங்களே" என்று கண் கலங்கினார். நான் அவர் கட்சிதான். நல்ல காரியத்தில் ஒருநாள் விட்டுக்கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? இதை மேடத்திடமே கேட்டேன். "ஒருநாள் விட்டா, அடுத்த கல்யாணத்துலயும் மாடியிலதான்க்கா இலை போடுவாங்க" என்றார். இன்றைக்கும் எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை.

சனி ஞாயிறு வந்துவிட்டால் கிளம்பிவிடுவார். நாற்று நட்டிருக்கிறார்கள் என்று வரிச்சிக்குடிக்குப் போவார். அது அவருடைய சொந்த ஊர்தான், ஆனால் அங்கே இப்போது அவருக்கு வீடுமில்லை, நிலமுமில்லை. சாலையோரம் வண்டியை நிறுத்தி வயலைப் பார்த்துவிட்டு வருவார். படகு வருகிறது என்று மண்டபத்தூர் போவார். மீன் வாங்கி வந்தாரா என்றால் அதுவும் கிடையாது. ஒருநாள் காரைக்கால் ரயில் ஸ்டேஷனுக்குப் போய்விட்டு வந்தார்.

"யாரை ஏத்திவிட?"

"யாரையும் இல்ல. ரயில் கிளம்பறதப் பாக்க."

"பாத்து?"

"பாத்துட்டு வந்துட்டேன்."

இப்படி ஒரு ஆளிடம் என்ன பேசுவது? போகும்போதெல்லாம் என்னையும் கூப்பிடுவார். "வாங்கக்கா, பின்னாடி உக்காருங்க. சும்மா ஒரு ரவுண்டு." எனக்கு உளுந்து ஊறிக்கொண்டிருக்கும். துணி காயும். பால்காரர் வர வேண்டும். சிலிண்டர்காரர் வந்தாலும் வருவார். ஒன்றுமே இல்லாத நாளில் தலைவலி இருக்கும்.

ஒருமுறை கரண்ட் போன சாயங்காலம் வாசல் காற்றுக்கு இருவரும் உட்கார்ந்திருந்தபோது கேட்டேவிட்டேன். "அதென்ன மேடம் எப்பப் பாத்தாலும் சும்மா, சும்மா?"

அவர் விசிறியை ஆட்டிக்கொண்டே சொன்னார்.

"காலேஜ் படிக்கும்போது வரிச்சிக்குடியிலேருந்து பஸ்சுலதான்க்கா வருவேன். பஸ் படி என் நெஞ்சு உயரம். யாராச்சும் தூக்கி ஏத்தணும். ஏத்தாம விட்டவங்க யாரும் இல்ல. எல்லாம் நல்லவங்க. ஆனா தூக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேப்பாங்க, 'எங்கம்மா போகணும்?' காலேஜுக்குன்னு சொன்னா தூக்குவாங்க. ஆஸ்பத்திரிக்குன்னா இன்னும் வேகமா தூக்குவாங்க. சும்மா கடலைப் பாக்கப் போறேன்னு சொன்னா யாருதான்க்கா தூக்குவாங்க? அதனால சொன்னதே இல்ல. இங்கேருந்து கடல் எவ்வளவு தூரம்? இந்த வண்டி வாங்கற வரைக்கும் நான் கடலுக்குத் தனியாப் போனதில்ல."

அதற்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்டால் எரிச்சல் வருவது நின்றுவிட்டது. ஆனாலும் கேட்பதை நான் நிறுத்தவில்லை. அவர் 'சும்மா' என்று சொல்வதைக் கேட்கவே கேட்பேன்.

அவருக்கு ஒரு அண்ணன். மயிலாடுதுறையில் வங்கியில் வேலை, அங்கேயே மாடி வீடு. தங்கை மேல் உயிர். தினமும் போன் பண்ணி, சாப்பிட்டாயா, கதவைப் பூட்டினாயா என்று கேட்பார். "அஞ்சாவது வரைக்கும் அண்ணன் முதுகுலதான்க்கா ஸ்கூலுக்குப் போனேன்" என்பார் மேடம். "அது எங்க போகுதோ அங்கதான் நானும். கபடி ஆடப் போனா என்னை வேலியோரம் எறக்கி வச்சிட்டு ஆடும். தோத்துப்போனா அந்தக் கோவத்துல என்னைத் தூக்காம பாதி தூரம் போயி, அப்புறம் ஞாபகம் வந்து ஓடி வரும்." இதைச் சொல்லும்போது அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார்.

அந்த அண்ணன் ஒரு ஐப்பசி சனிக்கிழமை ராத்திரி தங்கையைக் கையோடு கூட்டிப்போக வந்துவிட்டார். வரவழைத்தது என் வீட்டுக்காரர்.

அன்று மதியம் மேடம் வழக்கம்போல் சும்மா போனார். வானம் மூடியிருந்தது. இருட்டுவதற்குள் வந்துவிடுகிறவர், விளக்கு வைத்தும் வரவில்லை. போன் போட்டால் அணைந்து கிடக்கிறது. தூறல் விழ ஆரம்பித்தது. நான் காலி நாற்காலியை ஷீட் போட்டு மூடினேன். அதைப் பார்த்ததும் எதிர்வீட்டு அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். லாரி என்றார் ஒருவர். கடல் என்றார் இன்னொருவர், வாயைக் கழுவ வேண்டிய ஆள். பதற்றத்தில் என் வீட்டுக்காரர் மயிலாடுதுறைக்குப் போன் போட்டுவிட்டார்.

அண்ணன் காரில் பறந்து வந்து இறங்கினார். அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. "எங்க போறேன்னு சொல்லிட்டுப் போச்சு?" என்று கேட்டார். நான் என்ன சொல்வது? 'சும்மா' என்றா?

அந்த நேரத்தில் தெருமுனையில் அந்த ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. பின்னாலேயே, எப்போதும் அவர் வண்டியைப் பார்க்கிற மெக்கானிக் பாய் மோட்டார் சைக்கிளில் வந்தார். மேடம் நனைந்திருந்தார், சிரித்துக்கொண்டிருந்தார், கூட்டத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. விஷயம் இவ்வளவுதான். மண்டபத்தூரில் பக்கச் சக்கரம் பஞ்சர். பாய்க்குப் போன் பண்ணி இடத்தைச் சொல்லி முடித்ததும் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

"தப்பு என்னோடதுங்க" என்றார் பாய். "மஃரிப் தொழுதுட்டு வர்றேன்னு சொல்லியிருந்தேன். தொழுதுட்டுக் கெளம்புனா மழை."

"தப்பு யாரோடதும் இல்ல" என்றார் மேடம். "படகுக்காரங்க வீட்டம்மா டீ போட்டுக் குடுத்தாங்க. பேசிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

பாய் போனார். தெருவும் கலைந்தது. அண்ணனுக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. முன்னறையில் நின்றபடியே கத்தினார். "போதும். தனியா இருந்து கிழிச்சதெல்லாம் போதும். காலையில சாமானைக் கட்டு. என்கூட வந்து இரு. ஆபீசுக்குக் கார் வச்சுக் கொண்டாந்து விடறேன். டிரைவர் போடறேன்." சொல்லிக்கொண்டே பரண்மேல் இருந்த பெட்டியை எம்பி எடுத்துக் கட்டிலில் வைத்தார்.

மேடம் நாற்காலியில் ஈரச் சேலையோடு உட்கார்ந்திருந்தார். கொத்தனாரையும் என் வீட்டுக்காரரையும் மடக்கிய அந்த வாய் அன்று எழும்பவில்லை. சின்னக் குரலில் கேட்டார்:

"உன் வீடு மாடியில இருக்கேண்ணே. நான் எப்படி எறங்குவேன்?"

"ஏன், நான் செத்தா போயிட்டேன்? தூக்கிட்டு வர மாட்டனா?"

"தூக்கிட்டு வருவ. எதுக்குன்னு கேப்பியே."

அண்ணனுக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அந்த மாடிக்குப் போய்விட்டால் இனி ரயில் கிளம்புவதைப் பார்க்க யாரும் இவரைத் தூக்கிக்கொண்டு இறங்கப்போவதில்லை. இந்த வீடு, இந்தச் சரிவு, அடியில் நிற்கும் வண்டி, எல்லாம் நாளைக் காலையோடு முடிந்தது.

அண்ணன் எங்களைப் பார்த்துத் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார். இப்படி ஒரு பொண்ணைத் தனியா விட முடியுமா? நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பொறுப்பு?"

என் வீட்டுக்காரரின் இளகிய மனசு உடனே முன்னால் வந்து நின்றது. "கவலைப்படாதீங்க சார். இங்கயே இருக்கட்டும். நாங்க பாத்துக்கிறோம். இனிமே சாயங்காலத்துல தனியா வெளிய விட மாட்டோம். போறதுன்னா எங்ககிட்ட சொல்லிட்டு, தேவைன்னா மட்டும் போகட்டும்."

நல்லது செய்வதாகத்தான் சொன்னார். மேடம் அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. மாடியும் ஒன்றுதான், இந்த வீடும் ஒன்றுதான் என்று ஆகிவிட்டது அவருக்கு. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியாது.

"நாம எதுக்குங்க பாத்துக்கணும்?" என்றேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நிறுத்த முடியவில்லை.

"போன மாசம் இவரு நாகூர் போயிட்டு வரும்போது வண்டி நின்னுபோயி, மழையில தள்ளிக்கிட்டு வந்தாருங்க. இன்னிக்கு இவங்க வந்ததைவிட லேட்டு. போனும் எடுக்கல. அதுக்கு நான் இவரு அண்ணனுக்குப் போன் போட்டேனா? பெட்டியக் கட்டுன்னு யாராச்சும் வந்தாங்களா? தினம் சாயங்காலம் சட்டைய மாட்டிக்கிட்டுக் கடைத்தெருவுக்குப் போறாரு. எதுக்குப் போறாருன்னு இத்தனை வருஷத்துல இந்த வீட்டுல ஒருத்தரும் கேட்டதில்ல. வண்டி பஞ்சராச்சு, ஒட்டிக்கிட்டு வந்துட்டாங்க. அவ்வளவுதான சங்கதி? இதுக்கு ஏன் ஒரு மனுஷி வீட்டைக் காலி பண்ணணும்?"

என் வீட்டுக்காரர் காதைச் சொறிந்துகொண்டு, "நாகூர்ல வேலை இருந்துச்சு" என்றார் மெல்ல.

"என்ன வேலை?"

அவர் யோசித்தார். மேடம்தான் முதலில் சிரித்தார். அழுகையும் கலந்த சிரிப்பு. அண்ணன் சிரிக்கவில்லை. கட்டில் ஓரத்தில், பெட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். நான் போய் எல்லாருக்கும் தோசை வார்த்தேன்.

காலையில் மழை விட்டிருந்தது. கோலம் போட்டு நிமிர்ந்தால், மேடம் தடம் பதித்துக்கொண்டு இறங்கி வந்தார். வண்டிக்கு மாறிக்கொண்டு அண்ணனைக் கூப்பிட்டார். "ஏறுண்ணே."

"எங்க?"

"ஏறேன்."

அவர் காரைக் காட்டினார். மேடம் அசையவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார், மறுவீடு போகிற மாப்பிள்ளை மாதிரி. தங்கை முறுக்கிய முறுக்கில் வண்டி துள்ளியதும் இரண்டு கையாலும் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

வெயில் ஏறிய பிறகுதான் வந்தார்கள். அண்ணனின் வேட்டி முழங்கால்வரை நனைந்து மணல் ஒட்டியிருந்தது. அவர் முதலில் இறங்கினார். பழக்கதோஷம், இரண்டு கையும் தங்கையைத் தூக்க நீண்டுவிட்டன. பாதியில் நிறுத்தினார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார். மேடம் கையை ஊன்றி எம்பி நாற்காலிக்கு மாறி, சரிவில் ஏறி உள்ளே போனார். அண்ணன் அதை முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றார். தங்கை ஏறி முடித்த பிறகும் அங்கேயே நின்றார்.

"எங்க சார் போயிட்டு வந்தீங்க?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"தெரியலைங்க" என்றார் அவர். "அது கூட்டிட்டுப் போச்சு, போனேன்."

பிறகு உள்ளே போய்க் கட்டிலில் கிடந்த பெட்டியைத் தூக்கிப் பரண்மேல் வைத்துவிட்டு, கைகால் கழுவிச் சாப்பிட்டு, மயிலாடுதுறைக்குக் கிளம்பினார். அதன் பிறகும் பல வருஷம் மேடம் எங்கள் வீட்டில் இருந்தார். பதவி உயர்வில் புதுச்சேரிக்கு மாற்றலாகிப் போனார். அங்கே தரைக்குச் சமமாகத் தாழ்ந்து நிற்கிற பஸ் ஒன்றில் நாற்காலியோடு ஏறிப் போனதாக ஒருநாள் போனில் சொன்னார். "எங்கம்மா போகணும்னு யாருமே கேக்கலக்கா" என்றார். அவருக்குப் பின் எங்கள் வீட்டுக்கு வந்த குடித்தனக்காரர்கள் காரை நிறுத்த இடைஞ்சலாக இருக்கிறதென்று சரிவை இடிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். இடம் போதாவிட்டால் வேறு வீடு பாருங்கள் என்று சொல்லிவிடுவேன்.

அண்ணன் போன அந்த ஞாயிற்றுக்கிழமையை இன்னும் முடிக்கவில்லை. அவர் கார் தெருமுனை திரும்பிய கொஞ்ச நேரத்தில் வாசலில் ஹார்ன் அடித்தது. எட்டிப் பார்த்தேன். மேடம் மறுபடியும் வண்டியில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்கக்கா."

அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். முந்தின நாள் அவ்வளவு பெரிய நியாயம் பேசிவிட்டு இன்று சாம்பாரைச் சாக்குச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. அடுப்பை அணைத்தேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, செருப்பை மாட்டி, படி பக்கம் போகாமல் சரிவு வழியாகவே இறங்கினேன். பின்னால் ஏறி உட்கார்ந்ததும் வண்டி கொஞ்சம் அமிழ்ந்தது. "நல்ல கனம்க்கா நீங்க" என்றார் மேடம்.

"எங்கடி கிளம்பிட்ட?" என்று உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் சத்தம் போட்டார்.

பழக்கத்தில் கோயிலுக்கு என்றுதான் நாக்குவரை வந்தது. அதை விழுங்கிவிட்டுத் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்.

"சும்மா!"